சிலுப்பாமல் நின்ற கிடாய்

உங்களில் யாராவது ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டியிருக்கிறீர்களா? சிரிக்காமல் சொல்லுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களைத்தான் கேட்கிறேன். தம்பி தங்கைகளைப் பீலிக்கடியில் பிடித்து நிறுத்தித் தேய்த்திருப்பீர்கள். மாட்டைக் கழுவியிருப்பீர்கள். ஆட்டைக் குளிப்பாட்டுகிறவர்களை நான் அதற்குப் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை. அந்த ஒரு வருஷம், அந்த மலையில், நான் ஒருத்திதான் அதைச் செய்தேன்.

பேரப்பிள்ளைகளிடம் ஆரம்பித்தால் ஆட்டுக் கதையா என்று எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பீலி என்றால் மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடம் என்று சொல்ல வேண்டும். லயம் என்றால் ஒற்றை அறைக் காம்பராக்கள் ஒட்டி நிற்கிற வரிசை, இஸ்தோப்பு என்றால் அதன் முன்திண்ணை என்று சொல்ல வேண்டும். ஸ்டோர் என்றால் கடையில்லை, தேயிலை அரைக்கிற தொழிற்சாலை என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். ஸ்டோர் என்றவுடனே உங்கள் மூக்கில் வறுத்த கொழுந்தின் வாசம் ஏறியிருக்கும்.

பக்கத்துக் காம்பராவில் ஒரு அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை, லயத்து அத்தை. அந்த வருஷம் அரசாங்க ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பத்தோடு இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். எங்கள் வீடுகளில் அதை 'ஊருக்குப் போறது' என்பார்கள். அத்தை அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அவரிடம் ஒரு தாயாடும், பால்குடி மறக்காத இரண்டு குட்டிகளும் இருந்தன. லிந்துலையிலிருந்து இறைச்சிக் கடை ஆள் வந்து தாயாட்டைப் பிடித்துக்கொண்டு போனான். குட்டிகளைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டான்.

"இதுல என்னா இருக்கு? தோலும் எலும்புந்தான்."

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் எந்நேரமும் அந்தக் குட்டிகளோடுதான் கிடப்பேன். அத்தை இரண்டையும் கொண்டுவந்து எங்கள் இஸ்தோப்பில் விட்டார்.

"வச்சுக்க புள்ள. ஒனக்கு முடியலேன்னா நல்ல கையாப் பாத்துக் குடுத்துரு. கத்தி வச்சிருக்கிற கையில மட்டும் குடுத்துறாத. எனக்காக."

மறுநாள் வட்டகொடை ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிடப் போனோம். தகரப் பெட்டிகளும் அம்மிக்கல்லும் ஏறின. அம்மிக்கல் எதற்கு என்று அத்தையின் புருஷன் கத்திக்கொண்டிருந்தார். அத்தை அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் தலையை நீட்டி, அழுதுகொண்டிருந்த பெரியவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பால் குடுத்தியா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அது பொய்யில்லை. பால் என்று நான் நினைத்ததைக் கொடுத்திருந்தேன். ரொட்டி மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, வயிற்றுவலி மருந்து வந்த பழைய போத்தலில் ஊற்றி, வாயில் துணித்திரி வைத்துக் குடிப்பாட்டியிருந்தேன். நீல நிறப் போத்தல் அது. வெயிலில் பிடித்தால் உள்ளங்கையில் நீலம் விழும். எந்த வீடு மாறும்போது தொலைந்ததோ, தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு குட்டிகளும் வயிறு ஊதி, பின்னங்கால் நனைந்து கிடந்தன.

அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நான் குட்டிகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடினேன். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டுப் பார்த்துக்கொள்கிற ஆயா அங்கே இருப்பார். நாங்கள் எல்லோருமே அவர் ஆட்டிய தொட்டிலில் கிடந்தவர்கள்தான்.

"என்னாடி குடுத்த?"

"மாவுக் கஞ்சி, ஆயா."

"மாவக் கரைச்சு ஊத்துனா ஆடா வளரும்? பசையாத்தான் போவும். சொவத்துல ஒட்டி வச்சுக்க." திட்டிக்கொண்டே ஓமத்தண்ணீர் காய்ச்சினார். விரலைத் தேனில் தொட்டுக் குட்டிகளின் வாய்க்குள் விட்டார். அன்று முதல் பிள்ளைகளுக்குக் கரைத்த பாலில் வாளியின் அடியில் தங்குகிறதை எனக்கு எடுத்து வைத்தார். யாராவது கேட்டால், "நம்ம தொட்டிப் புள்ளைங்கதான், கொஞ்சம் கொம்பு மொளைக்கும்" என்பார்.

குட்டிகள் பிழைத்துக்கொண்டன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடந்துகொண்டிருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அழுக்கிலிருந்து நோய் வருகிறது, தினமும் குளிக்க வேண்டும், குளித்தபின் ஈரம் உடம்பில் நிற்கக் கூடாது என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டார். நீங்கள் எழுதினீர்கள். நான் நேராகப் பீலிக்குப் போய்ச் செய்தேன். எதைக் கேட்டாலும் உடனே செய்து பார்க்க வேண்டும் எனக்கு. அப்படியொரு அவசரம் அந்த வயதில்.

முதல் நாள் பெட்டை தப்பித்து ஓடிவிட்டது. கிடாய் மாட்டிக்கொண்டது. ஒரு காது மட்டும் வெள்ளையான, தவிட்டு நிறக் குட்டி அது. தண்ணீர் பட்டதும் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. என் பள்ளிக்கூடச் சட்டை முழுக்க நனைந்தது. அதற்காக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அம்மாவின் பழைய கறுப்புக் கம்பளி ஒன்று பாதியாகக் கிழிந்து கிடந்தது. தண்ணீரை ஊற்றிய கையோடு, அது சிலுப்புவதற்குள், கம்பளியை மேலே போட்டு அழுத்தித் துவட்டிவிடுவேன். நாளாக ஆக அதற்கு அந்தக் கம்பளி பிடித்துப்போனது. தண்ணீர் ஊற்றினால் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நிற்கும். கம்பளி வரும் வரைக்கும் அசையாது. ஊற்றிவிட்டு நான் வேண்டுமென்றே தாமதித்தால் கழுத்தைத் திருப்பி என் கையைப் பார்க்கும். கம்பளி எங்கே என்று கேட்கிற பார்வை.

பீலியில் துணி துவைக்கிற பெண்கள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏ புள்ள, பவுடர் போடலியா? பொட்டு வைக்கலியா?" அம்மாவுக்கு அது அவமானமாக இருந்தது. "வயித்தக் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புனா, இவ ஆட்டுக்குத் தல துவட்டப் படிச்சிட்டு வந்திருக்கா" என்றார். அம்மா என்னைப் பற்றிச் சொன்னதில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். அதனால் அவர் என்னைக் கவனிப்பதே இல்லை என்று வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெட்டையை ஆயாவுக்குக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். திம்புள்ளப் பக்கம் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்கு அதை அனுப்பினார். போன இடத்தில் அது ஈன்று, பால் கறந்து, நன்றாகத்தான் இருந்தது. பெட்டையை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். கிடாயைப் பார்த்து "நல்லா வந்திருக்கே" என்று முதுகைத் தடவுகிறவர்கள், தடவிக்கொண்டே எடை பார்க்கிறார்கள் என்பது கொஞ்ச நாளில் எனக்கே தெரிந்துவிட்டது.

தடவி எடை பார்க்காத ஒரே ஆள், நாட்டுப்பக்கத்துக் கிராமத்திலிருந்து மரக்கறிக் கூடையோடு ஏறி வருகிற சிங்கள அம்மா. லீக்ஸும் கோவாவும் கொண்டுவருவார். எங்கள் லயத்தில் எல்லோரும் அவரை 'அம்மே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டுப் புழுக்கையை அவருடைய பாத்திக்கு எருவாகக் கூட்டி வைத்துக் கொடுப்பேன். அவர் ஒரு கட்டு லீக்ஸை இஸ்தோப்பில் வைத்துவிட்டுக் கிடாயின் வெள்ளைக் காதை மடித்துப் பார்ப்பார். "நல்ல எலுவா. நம்ம வீட்டுக்கு வாறது?" என்று ஆட்டிடமே கேட்பார். எலுவா என்றால் ஆடு. அப்போது எனக்குக் கொடுக்க மனமில்லை.

மழைக்காலம் முடிகிற நேரம், மலை வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஐயா லயத்துக்கு வந்தார். கால்சட்டையும் தொப்பியும், கையில் பிரம்பும். அவரோடு காவல்காரன்.

"தொரை உத்தரவு. லயத்துல இனி ஒரு ஆடு நிக்கக் கூடாது. புது மலையில வச்ச கன்னு பூராவும் கடிச்சு மொட்டையா நிக்குது."

அப்பா இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தார். ஸ்டோரில் அரைக்கும் மெசினில் வேலை அவருக்கு. எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்தார்.

"நம்ம ஆடு அந்தப் பக்கமே போறதில்லீங்க. புள்ள கயித்துல கட்டித்தான் மேய்க்குது."

"கடிச்ச ஆடு பேர எழுதி வச்சிட்டா போயிருக்கு? எல்லாம் ஒண்ணுதான். நாளைக்கு வெள்ளன லிந்துலைக்காரன் வருவான். புடிச்சுக் குடுத்துருங்க."

நான் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பிறகு சொன்னார், லயத்துக் கடைசிக் காம்பரா வரை கேட்டதாம். அப்பா என்னைப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். ஐயாவுக்கு எதிரே நேராக நின்று அப்பா பேசி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"குடுக்க முடியாதுங்களே."

"என்னாது?"

"இது ரோதை முனிக்கு நேந்து விட்டதுங்க."

கணக்கப்பிள்ளையின் பிரம்பு தானாகக் கீழே இறங்கியது. ஸ்டோர் மெசின்கள் ஆள் உயிரை வாங்காமல் சுற்றுவதற்குக் காவல் நிற்கிற சாமி ரோதை முனி. அவருக்கு நேர்ந்ததைத் தொடுகிற ஆள் அந்த மலையில் இல்லை. கணக்கப்பிள்ளை ஐயா தொப்பியைக் கழற்றினார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னா" என்று சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனார்.

அன்று லயத்திலிருந்த மற்ற ஆடுகள் எல்லாம் போயின. என் கிடாய் நின்றது. அப்பாவே மஞ்சள் துணி கிழித்து அதன் கழுத்தில் கட்டினார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன். என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போது அவருக்கே முழுதாக விளங்கியிருக்காது. மகள் அழுகிறாள், வாயில் வந்ததைச் சொல்லியாயிற்று. அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "மனுசன்கிட்ட பொய் சொல்லலாம். யாரு பேரச் சொல்லியிருக்கீங்கன்னு பாருங்க" என்றார்.

கொஞ்ச நாள் கிடாய்க்கு ராஜபோகம். தேயிலை ஓரம் வாய் வைத்தாலும் காவல்காரன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெண்கள் வாழைப்பழத் தோலும் பலாச்சுளையும் கொண்டுவந்து ஊட்டினார்கள். "முனி, எம் புருசனப் பாத்துக்க" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் வழக்கம்போலப் பீலியில் குளிப்பாட்டிக் கம்பளியால் துவட்டினேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சாமி ஆட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாள் என்றார்கள். எனக்கு அது என்னவோ போலிருந்தது. நேர்ந்த ஆடு எங்கே போய் முடியும் என்று கணக்குப் போடத் தெரியாத அளவுக்கு நான் சின்னப் பிள்ளையாக இல்லை.

மரக்கறி அம்மே வந்த நாளில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அம்மே, எலுவாவக் கொண்டு போங்க. நான் தாறேன்." அவர் சந்தோஷமாகத்தான் குனிந்தார். மஞ்சள் துணியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"தெய்யன்கே," என்றார். சாமியினுடையது. "அது எடுக்க பே, துவே." முடியாது, மகளே.

கத்தியிடமிருந்து காப்பாற்றக் கட்டிய துணி, கத்தியைத் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி அதை ஆக்கிவிட்டது.

பிறகுதான் ஸ்டோரில் அது நடந்தது. அப்பாவுக்கு அடுத்த மெசினில் நின்ற இளந்தாரி ஒருவனின் கையை ரோதைச் சக்கரம் இழுத்துவிட்டது. உயிர் தப்பியது, விரல்கள் போயின. அப்பாதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி லாரி வரைக்கும் ஓடினார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மெசினின் மூடி கழன்று பல நாளாக அப்படியே கிடந்தது என்று அவரே அதற்கு முன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். யாரும் அந்த மூடியைப் பற்றிப் பேசவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்திலும் பீலியிலும் என் ஆட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

"நேந்தத வச்சு வளத்துக்கிட்டிருந்தா? முனி எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டிருக்கும்?"

"அதுக்குக் கம்பளி என்னா, குளியல் என்னா. சாமி வயித்தெரிச்சல்."

அடிபட்டவனின் தாய் எங்கள் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. அப்பாவைப் பார்த்து, "அண்ணே, இன்னொரு புள்ளைக்கு வரக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அப்பா வரும் வெள்ளிக்கிழமை செய்துவிடுவதாகச் சொன்னார்.

அன்று அடுப்பு வெளிச்சத்தில் இருவரும் பேசியது ஒரே காம்பராவில் படுத்திருந்த எனக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்?

"போயி உள்ளதச் சொல்லிருங்க. நேரல, புள்ளைக்காக சொன்னேன்னு."

"அப்பறம் நான் ஸ்டோருல எவன் பக்கத்துல நிக்கிறது? கணக்கப்பிள்ள சும்மா விடுவாரா? அந்தப் பய கை போனதுக்கே என் வாய்தான் காரணம்னு ஆயிரும்."

"அப்ப வெட்டிருவீங்களா?"

அப்பா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "ஒருவேள நெசமாவே அதான் காரணமோ என்னமோ" என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் ஐயாவுக்கோ துரைக்கோ பயந்த பயமில்லை.

எனக்கு அத்தையின் முகம்தான் வந்து நின்றது. ரயில் ஜன்னலில் நீட்டிய முகம். கத்தி வச்சிருக்கிற கையில மட்டும் குடுத்துறாத. அந்தக் கை என் அப்பாவின் கையாக இருக்கும் என்று அத்தையும் நினைத்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பனி. நான் போர்வைக்குள் சுருண்டு கிடந்தேன். வர மாட்டேன் என்றேன். அம்மா என்னை இழுத்து எழுப்பி முகம் கழுவிவிட்டார்.

"வரணும். வளத்தவ நிக்கணும்."

எவ்வளவு கல்நெஞ்சு என்று நினைத்தேன். என் சட்டைக்கு மேல் எதையோ போர்த்திவிட்டார். வழியில் பாதி தூரம் போன பிறகுதான் அதைப் பார்த்தேன். ஆடு துவட்டுகிற பழைய கறுப்புக் கம்பளி. எனக்கென்று நல்ல போர்வை வீட்டில் இருந்தது. அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

ஸ்டோருக்குப் பின்னால், தண்ணீர் இறங்குகிற வாய்க்காலோரம் ரோதை முனி. நட்ட கல்லும் சூலமும்தான். ஆண்கள் கல்லைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் எட்ட, கொழுந்து ஏற்றுகிற படிக்கட்டருகே. அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு முன்வரிசைக்குப் போய் நின்றார். என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார்.

பூசாரி வேறு நாட்களில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். அன்று நெற்றி முழுக்கத் திருநீறு. கிடாய்க்கு மாலை போட்டார். அது மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்துத் தின்றது. யாரோ சிரித்து, உடனே அடங்கினார்கள். முறை உங்களுக்குத் தெரியும். மஞ்சள் தண்ணீரை ஆட்டின் மேல் ஊற்றுவார்கள். அது சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், அதற்குப் பிறகுதான் கத்தி. சிலுப்பாமல் எந்த ஆட்டையும் வெட்ட மாட்டார்கள். சிலுப்பாத ஆட்டையும் யாரும் கண்டதில்லை.

"முனியாண்டி, உத்தரவு குடுப்பா" என்று பூசாரி தண்ணீரை ஊற்றினார்.

கிடாய் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது.

தப்பு மேளம் அடிக்கிறவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். மறுபடி ஊற்றினார், தலையிலிருந்து வால் வரைக்கும். மஞ்சள் தண்ணீர் வயிற்றிலிருந்து சொட்டியது. அது அசையவில்லை. மெதுவாகக் கழுத்தைத் திருப்பியது. ஆண்களைத் தாண்டி, புகையைத் தாண்டி, நேராக என்னைப் பார்த்தது. எனக்கு ஓடிப்போய்த் துவட்டிவிட வேண்டும் போலிருந்தது. குளிரில் நிற்கிறதே என்றுதான் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. ஒரு எட்டு வைத்தேன். அம்மா மணிக்கட்டை விடவில்லை. வலிக்கிற பிடி.

மூன்றாவது செம்பும் தீர்ந்தது. தப்பு தானாக நின்றது. வாய்க்கால் தண்ணீரின் சத்தம் மட்டும் கேட்டது.

"காதுக்குள்ள கொஞ்சம் ஊத்துங்க. தானா சிலுப்பும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

பூசாரி திரும்பிப் பார்த்தார். "ஏமாத்தி வாங்குறது உத்தரவாடா? முனிகிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?"

அது அப்பாவைப் பார்த்துச் சொன்னதில்லை. ஆனாலும் அப்பா, நின்ற இடத்திலேயே மண்டியிட்டார். கல்லுக்கு எதிரே நெற்றி மண்ணில் படக் கிடந்தார். எல்லோரும் பக்தி என்று நினைத்தார்கள். அடிபட்டவனின் தாய்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பூசாரி கத்தியை எடுத்துத் துணியில் சுற்றினார். "வேணாங்குது. வேணாங்குறத வெட்டவும் கூடாது, எல்லைக்குள்ள வச்சிருக்கவும் கூடாது. நாளைக்கே எல்ல தாண்டி விட்டுருங்க." யாரோ ஒரு சேவலைக் கொண்டுவந்தார்கள். அது சிலுப்பியது.

மறுநாள் அப்பாவும் நானும் கிடாயைக் கூட்டிக்கொண்டு நாட்டுப்பக்கம் இறங்கினோம். கலவரங்களுக்குப் பயந்து தோட்டத்து ஆட்கள் தனியாக அந்தப் பாதையில் போவதற்கு யோசிக்கிற காலம் அது. அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். கம்பளியை நான் தோளில் போட்டிருந்தேன். தேயிலை முடிந்து பைனஸ் மரங்கள் தொடங்குகிற இடத்தில், கிடாய் என் தோளிலிருந்து தொங்கிய கம்பளி நுனியைக் கடித்து இழுத்தது. அப்போதுதான் எனக்குச் சட்டென்று விளங்கியது.

"அப்பா, அது தொவட்டுறதுக்குத்தான் நின்னுச்சு. தண்ணி ஊத்துனா நான் தொவட்டுவேன்ல. அதான் சிலுப்பல. கம்பளி என்கிட்ட இருந்திச்சில்ல."

"சும்மா வா."

"நெசமாப்பா. வேணும்னா இங்கன ஊத்திப் பாருங்க."

"சாமி காரியத்துல வாய வைக்காத. நான் வச்சுப் பட்டது போதும்."

நான் கிடாயின் வாயிலிருந்து கம்பளி நுனியை விடுவித்துக்கொண்டு நடந்தேன். பொய்யாகக் கொடுத்ததை முனி தொடவில்லை என்று அப்பா நம்பினார். அவருக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. ஆனாலும் அந்த அறையில் ஏதோ ஒரு ஆறுதல் இருந்ததை இன்றைக்கு என்னால் உணர முடிகிறது. உண்மையைத் தெரிந்த ஒருவர் மேலே இருக்கிறார், அவரும் ஆளைக் கொல்லவில்லை.

மரக்கறி அம்மேயின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். மண்சுவர், முன்னால் லீக்ஸ் பாத்திகள். எங்களைக் கண்டதும் அவர் பயந்துதான் போனார். அப்பா தெரிந்த சிங்களத்தில் சொன்னார்: "தெவியோ எப்பா கிவ்வா." சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மஞ்சள் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்துக் காட்டினார்.

அம்மே வெள்ளைக் காதை மடித்துப் பார்த்தார். "நம்ம வீட்டுல ஒண்ணும் வெட்டறது இல்ல," என்று என்னிடம் தமிழில் சொன்னார். "எரு போடறது, நிக்கறது. அவ்வளவுதான்." பிறகு உள்ளே போய் இரண்டு கோப்பை பிளேன்டீயும் கருப்பட்டியும் கொண்டுவந்தார். அப்பா நின்றபடியே குடித்தார். நான் அம்மேயிடம் எவ்வளவோ சொல்ல நினைத்திருந்தேன். ஓமத்தண்ணீர், கயிற்றின் நீளம், எந்த இலை ஆகாது. சிங்களம் போதவில்லை. துவட்டுகிற மாதிரி கையால் காட்டினேன். "ஹொந்தாய், துவே, ஹொந்தாய்" என்று தலையாட்டினார். நல்லது, மகளே, நல்லது. விளங்கியதா என்று தெரியவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழைதான், சொல்லாமல் வந்து நிற்கிற மழை. அப்பா கம்பளியை என் தலைக்குக் கொங்காணியாகப் போட்டுவிட்டார். "வா."

ஓடையைத் தாண்டி மேட்டில் ஏறியபோது நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். அம்மே கூடைகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். கிடாய் முற்றத்தில் கட்டிய இடத்தில் நனைந்துகொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நின்றது. கழுத்தைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தது. நான் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டேன். அது நின்றது. இன்னும் நின்றது. பிறகு தலையிலிருந்து வால் வரைக்கும், காது படபடக்க, தண்ணீர் நாலாபக்கமும் தெறிக்க, ஒரு சிலுப்புச் சிலுப்பியது. சிலுப்பிவிட்டுக் குனிந்து புல்லைக் கடித்தது.

அப்பா மழையில் நின்றுகொண்டிருந்தார். என் கையை அவர் விடவில்லை. தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டும்போது திரும்பி ஸ்டோர் இருந்த திசையைப் பார்த்து, கும்பிடப் போனவர் போலக் கையைத் தூக்கி, அந்தக் கையாலேயே முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டார்.

வீட்டில் அம்மா அடுப்புக்கு முன்னால் குனிந்திருந்தார். ரொட்டி வெந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு" என்றார் அப்பா.

"நல்ல மழ. நனைஞ்சிருக்குமே."

"நனைஞ்சிச்சு."

அம்மா ரொட்டியைப் புரட்டினார். "சிலுப்புச்சா?"

அப்பா ஈரச் சட்டையோடு கதவருகே நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மாவின் முதுகை வெகுநேரம் பார்த்தார்.

"சிலுப்புச்சு" என்றார்.

அம்மா எழுந்து வந்தார். என் தலையிலிருந்த கம்பளியை எடுத்து, அதன் நனையாத உள்பக்கத்தைத் திருப்பி, என் தலைமேல் போட்டு அழுத்தித் துவட்ட ஆரம்பித்தார். அதில் ஆட்டு வாசம் அடித்தது. துவட்டி முடியும்வரை நான் அசையாமல் நின்றேன்.